சுவாமி குடித்த இளநீர்

குருமார் உங்களுக்கு என்ன செய்தார்கள் என்று எங்கள் கத்தோலிக்கப் பங்கில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் இருக்கும். ஒருவர் பள்ளிக்கூடத்தைச் சொல்வார். ஒருவர் புயலுக்குப் பிறகு வந்து இறங்கிய அரிசி மூட்டைகளைச் சொல்வார். இன்னொருவர், சாகக் கிடந்த தன் தாய்க்கு அவஸ்தை பூச மாரிக் கடலைத் தாண்டி வந்து நனைந்த அங்கியோடு முழந்தாளிட்ட சுவாமியைச் சொல்லிக் கண் கலங்குவார். நான் சொல்லவேண்டியது ஒரு இளநீரை. நான் வாயைத் திறந்தாலே பகிடி என்று ஊரில் பெயர் இருப்பதால், கேட்கிறவர்கள் முதல் சொல்லிலேயே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அதனால் முப்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இப்போது எழுதலாம். அதில் வெட்கப்பட வேண்டியவர்களில் மிஞ்சியிருப்பது நான் ஒருவன்தான். மனைவியிடம் கேட்டேன். உங்களைக் கெட்டிக்காரனாக்கி எழுதாவிட்டால் சரி என்றாள். அந்தச் சிரமம் எனக்கு இராது.

சுதந்திரம் கிடைத்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தில் வெள்ளைக்காரன் கப்பல்கள் இன்னும் நின்றன. நான் அங்கே ஒரு பண்டகசாலையில் எழுதுவினைஞன். கயிறு, பெயின்ற், ஆணி ஆகியவற்றின் பெயர்களை ஆங்கிலத்தில் அழகான கையெழுத்தில் எழுதுவது என் தொழில். மிச்ச நேரத்தில் பகிடி விடுவது. மேலதிகாரி நடப்பது போல நடந்து காட்டுவேன். கோயிலில் மூப்பர் செபம் சொல்வது போலச் சொல்லிக் காட்டுவேன். இல்லாத சம்பவங்களை நடந்தது போலச் சொல்லி, கேட்டவன் நம்பிய பிறகு பொய் என்று சொல்வதில் எனக்கொரு சந்தோசம். இந்தச் சந்தோசத்துக்கு விலை பிறகு தெரிந்தது.

எனக்குப் பேசிய பெண் கொட்டியாரக் குடாவுக்கு அக்கரையில், மூதூரில் இருந்து கட்டைபறிச்சான் பக்கமாகப் போகும் கரையோரத்தில் ஒரு சிறிய கத்தோலிக்கக் குடியிருப்பு. முப்பது வீடு, ஒரு ஓலைக் கோயில், ஒரு கிணறு. மீன்பிடி. பெண்ணின் தகப்பன் அந்தக் கோயிலின் மூப்பர், அதாவது சுவாமி இல்லாத நாட்களில் செபம் சொல்லிக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர். நான் பாவனை செய்து காட்டும் மூப்பர் வேறு ஆள், அது நல்ல காலம். பெண் பட்டினத்தில் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்தவள். பேசி ஒப்பேறிய பிறகு, திருமணத்துக்கு இரண்டு மாதம் இருக்க, மூப்பருக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. மாப்பிள்ளைக்குப் பட்டினத்தில் ஒரு பெண்ணோடு தொடுப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தது. எழுதியது யார் என்று இன்றுவரை தெரியாது. நான் பகிடி பண்ணிய யாரோ ஒருவராக இருக்கும். பட்டியல் நீளம்.

மூப்பர் கலங்கிப்போனார். பங்குச் சுவாமியிடம் வந்து விசாரித்தார். சுவாமி பட்டினத்தில் நாலு இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டு, கடிதம் பொய், நான் பொறுப்பு என்று சொல்லி அனுப்பினார். ஆனாலும் மூப்பரின் மனம் ஆறவில்லை. ஊரில் கதை பரவிவிட்டது. அப்போது பெண் தகப்பனிடம் சொன்னதாக என் மாமி பிறகு எனக்குச் சொன்னது இது:

"அந்தாளுக்கு ஒரு விசயத்தை ஒரு மணித்தியாலம் ஒளிச்சு வைக்க ஏலாது, அப்பா. ஒரு பொம்பிளையை எங்க ஒளிக்கிறது?"

இந்தச் சொல்லில்தான் கல்யாணம் முறியாமல் நின்றது. ஆக, அந்தக் கல்யாண நாளில் அவளுடைய சொல்லும் சுவாமியுடைய சொல்லும் என் தலையில் இருந்தன. தலை எப்படிப்பட்டது என்று இனிச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து ஒழுங்கு ஒன்றை இளம் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டும். நன்மை வாங்குகிறவர், அதாவது நற்கருணை உட்கொள்கிறவர், முதல் நாள் நள்ளிரவிலிருந்து ஒன்றும் உண்ணக்கூடாது. தண்ணீர்கூட ஒரு சொட்டுக் கூடாது. பூசை வைக்கும் சுவாமிக்கும் அதுதான் சட்டம். இப்போது இடியப்பமும் சொதியும் முடித்துவிட்டு ஆறுதலாகக் கோயிலுக்கு வருகிறோம். அப்போது எங்கள் சுவாமி ஞாயிறுகளில் பட்டினத்தில் விடியப் பூசை வைத்துவிட்டு, தூரத்துக் கோயில் ஒன்றுக்குப் போய் இரண்டாம் பூசையும் வைத்து, மத்தியானம் ஆகும்போதுதான் வாய் நனைப்பார். அவர் வடக்கில் ஒரு தீவுக் கரையைச் சேர்ந்தவர். பருத்த உடம்பு. சும்மா நின்றாலே வியர்வை ஊற்றும். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதவர், ஆனால் தண்ணீர் என்றால் செம்பைக் கவிழ்த்துத்தான் வைப்பார். அப்படிப்பட்டவருக்கு இந்தச் சட்டம் என்னவாக இருந்திருக்கும் என்று நான் அந்த நாள்வரை யோசித்ததில்லை.

கல்யாணம் ஒரு புதன்கிழமை. பெண் வீட்டுக் கோயிலில் எட்டு மணிக்குப் பூசையோடு. என் தாயும் உறவுக்காரரும் முதல் நாளே மூதூருக்குப் போகும் மோட்டார் லாஞ்சியில் போய்விட்டார்கள். அன்று விடிய லாஞ்சி இல்லை. சுவாமியை அழைத்துப் போவது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்பதால் நான் ஒரு பாய் வள்ளம் பேசி, விடியப்புறம் நாலு மணிக்குச் சுவாமியையும் அவருடைய பூசைப் பெட்டியையும் என் கல்யாணக் கோட்டையும் ஏற்றினேன். வள்ளக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெரியவர், காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கரைக்காற்று நன்றாக எடுத்தது. ஆறரைக்கெல்லாம் இறங்கிவிடலாம் என்றார்.

குடாவின் நடுவில் காற்று செத்துப்போனது.

கரைக்காற்று விழுந்தால் கடற்காற்று எழும்பும்வரை இடையில் ஒரு நேரம் உண்டு. அன்றைக்கு அந்த நேரம் முடியவே இல்லை. பாய் ஈரத் துணி போலத் தொங்கியது. கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. சூரியன் ஏறியது. காக்கா ஒரு துடுப்புத் தண்டைப் பிடித்தார். நான் வீரம் காட்ட மற்றதைப் பிடித்தேன். அதுவரை நான் பேனையைவிடப் பாரமான எதையும் ஒரு மணித்தியாலம் பிடித்ததில்லை. சுவாமி வள்ளத்தின் முன்பக்கம், முன்னணியத்தில், எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கட்டளைச் செபப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க அங்கி ஒட்டியிருந்தது.

எட்டு மணியும் ஆனது. கரை அப்படியே தூரத்தில் நின்றது. கை கொப்பளித்து, கண் இருண்டு வந்தது. காக்கா என்னைப் பார்த்துவிட்டுத் தண்டை நிறுத்தினார்.

"என்ன மாப்புள, மொகம் வெளுத்துப் போச்சு. ஊட்ட கிண்டின தொதல். இத வாயில போடுங்க."

வாழைச் சருகில் சுற்றிய தொதல். கறுத்து மினுங்கியது. நெய்யும் சீனிப்பாகும் தேங்காய்ப்பாலும் மணத்தன. என்னிடம் ஒரு வியாதி உண்டு, கையில் எதைக் கொடுத்தாலும் அது தானாக வாய்க்குப் போகும். கந்தோரில் ஒருமுறை முத்திரை ஒட்டும் பசையைக்கூட ருசி பார்த்திருக்கிறேன். முதல் துண்டு எப்படிப் போனது என்று தெரியாது. காக்காவின் பெண்சாதியின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்துகொண்டே இரண்டாம் துண்டைக் கடித்தேன்.

அப்போது சுவாமி பக்கத்தைப் புரட்டுவதற்கு விரலை நாக்கில் தொட்டார். பக்கவாட்டில் முகம் தெரிந்தது. உதடு வெடித்து, ஓரத்தில் வெள்ளை படிந்து காய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்றைக்கு என்ன நாள் என்று நினைவு வந்தது.

நான் காக்காவிடம் மெல்லச் சொன்னேன், இன்றைக்கு எனக்கு நன்மை, தின்னக்கூடாது என்று. அவர் பதறிப்போனார். பிறகு யோசித்துவிட்டுக் காதுக்குள் சொன்னார், எங்கட நோன்பில மறந்து திண்டா நோன்பு முறியாது, ஆண்டவன் ஊட்டினதாகத்தான் கணக்கு, அப்படியே தொடரலாம் என்று. அந்தக் காலைப்பொழுதில் அதைவிடக் கருணையான சட்டம் உலகத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது.

வள்ளம் கரையேறியபோது பத்தரை மணி. சனம் கோயில் வாசலில் நின்றது. காலையிலிருந்து நிற்கிறார்கள், அநேகமாக எல்லோரும் நன்மைக்காகப் பட்டினி. நாங்கள் இறங்கிய இடம் கோயிலில் இருந்து ஒரு கூப்பிடு தூரம். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு சுவாமிக்குப் பின்னால் மணலில் நடந்தேன். நான் என்ன செய்யலாம் என்று அந்தத் தூரத்துக்குள் பார்க்கவேண்டும். ஒன்று, பேசாமல் போய் நன்மையை வாங்கிவிடலாம். அது தேவதுரோகம். நான் பகிடிக்காரனே தவிர அந்தத் துணிவு எனக்கு இல்லை. மற்றது, வாங்காமல் இருக்கலாம். சொந்தக் கல்யாணப் பூசையில் நன்மை வாங்காத மாப்பிள்ளை என்றால் அந்தக் காலத்தில் ஒரே அர்த்தம்தான், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி மன்னிக்க மறுத்த ஏதோ ஒன்று இருக்கிறது. மொட்டைக் கடிதத்துக்கு நானே கையெழுத்து வைத்த மாதிரி.

"சுவாமி, நான் திண்டுபோட்டன்."

அவர் நிற்கவில்லை. நடந்துகொண்டே கேட்டார்.

"என்னத்தை?"

"தொதல்."

"எத்தினை?"

"ரெண்டு துண்டு. ரெண்டாவது பாதியிலைதான் நினைவு வந்தது."

"மிச்சப் பாதி?"

"முறிஞ்சது முறிஞ்சு போச்சு, இனி அதை வைச்சு என்ன செய்யிற எண்டு அதையும் முடிச்சிட்டன்."

அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று எட்டிப் பார்த்தேன். முகத்தில் சிரிப்பு இல்லை. எனக்கு அந்த நேரத்தில் காக்கா சொன்ன சட்டம் ஞாபகம் வந்தது. அதையும் சொன்னேன். நல்ல சட்டம்தான், எங்கட ஆக்கள் எழுத மறந்து போச்சினம் என்றார். பிறகு கொஞ்சத் தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்:

"இது பாவமில்லைக் காணும், அதுதான் கரைச்சல். பாவமெண்டால் இதிலையே நிப்பாட்டி மன்னிச்சு விட்டிடுவன். இதுக்கு என்னட்டை மருந்தில்லை."

நான் சனத்துக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் நின்று திரும்பினார்.

"நீர் சொன்னால் ஆர் நம்பிறது?"

கோபமாகச் சொல்லவில்லை. பட்டினத்தில் நான் விட்ட பொய்க் கதைகளில் இரண்டு மூன்றை அவரே நம்பி ஏமாந்திருக்கிறார். நாலு வருடமாகச் சிரிக்க வைத்த வாய், ஒரே ஒரு நாள் உண்மை சொல்லத் தேவைப்படும்போது உதவாமல் போனது. காக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடலாம் என்றேன். சாட்சியோடு கல்யாணத்துக்கு வருகிற மாப்பிள்ளை இன்னும் மோசம் என்றார். திரும்பவும் நடக்கத் தொடங்கினார். நான் பின்னால் போனேன். பெட்டி கனத்தது.

கோயில் வாசலில் மூப்பர் கைகூப்பி நின்றார். பெண், தலையில் வெள்ளை நெற் முக்காடு போட்டு, பெண்கள் நடுவில். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் துணியவில்லை. வாசலோரம் ஒரு கதிரை, அதன் பக்கத்தில் பூசைக்குப் பிறகு சுவாமி குடிப்பதற்கு வெட்டி வைத்த இளநீர்க் குலை. சுவாமி கதிரையில் இருந்தார். வியர்வையைத் துடைத்தார். குலையைப் பார்த்தார்.

"மூப்பர், ஒண்டைச் சீவுங்கோ."

மூப்பர் அசையவில்லை. தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, பூசைக்குப் பிறகுதானே சுவாமி என்று மெல்லக் கேட்டார்.

"இண்டைக்குப் பூசை இல்லை. எனக்குத் தாகம். கலியாணத்தை இப்ப எழுதி முடிப்பம். பூசையும் ஆசீர்வாதமும் நாளைக்கு விடிய."

முப்பது வீட்டுச் சனமும் மூப்பரைப் பார்த்தது. யாரோ ஒரு இளந்தாரி இளநீரைச் சீவிக் கொடுத்தான். சுவாமி இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தாடியில் ஒழுகியது. வாயைத் துடைத்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. தாகம் என்றார், தாகம்தான். விடியற்காலையிலிருந்து பொரிந்த மனிதன். எத்தனையோ ஞாயிறு மத்தியானம் வரை சமாளித்த அந்தத் தாகத்தை, அன்றைக்கு மட்டும் எல்லோர் முன்னிலும் சமாளிக்காமல் விட்டார். சுவாமி குடித்துவிட்டார், இனிப் பூசை இல்லை. பூசை இல்லை, நன்மையும் இல்லை. நன்மை இல்லாத இடத்தில் மாப்பிள்ளை வாங்கினானா இல்லையா என்று யார் பார்ப்பது?

கல்யாணம் பூசையில்லாமல் நடந்தது. தாலி கட்டினேன். முதல் முடிச்சு நழுவியது. மாப்பிள்ளைக்குப் பயம் என்று பெண்கள் சிரித்தார்கள். மறுநாள் காலை பூசை வைத்து, நானும் அவளும் நன்மை வாங்கி, சுவாமி எங்கள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அந்த ஆசீர்வாதம் கிடைக்கும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும் என்று சுவாமி சொல்லியிருந்ததால், கல்யாணம் முடிந்தும் நான் வலை வைக்கும் கொட்டிலில் சுவாமிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். தொதலுக்குத் தண்டனை அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் தண்டனை சுவாமிக்குத்தான் கிடைத்துக்கொண்டிருந்தது.

பூசையில்லாக் கல்யாணம் என்றால் அந்தக் காலத்தில் ஒரு குறைச்சல். கலப்புக் கல்யாணத்துக்கும், அவசரக் கல்யாணத்துக்கும்தான் அப்படிச் செய்வார்கள். மூப்பர் வீட்டு மூத்த பெண்ணுக்கே அப்படி நடந்துவிட்டது, அதுவும் சுவாமிக்கு ஒரு மணித்தியாலம் தாகத்தை அடக்க ஏலாமல். தூரத்து உறவுக்காரர் பூசை காணாமலே அன்றைக்கே வள்ளமேறிப் போனார்கள். போன இடமெல்லாம் கதை போனது. "தாகச் சுவாமி" என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது. பட்டினத்துச் சந்தையிலேயே என் காதில் விழுந்தது. பட்டப்பெயர் வைப்பதில் ஊரிலேயே கெட்டிக்காரன் நான். அதைக் கேட்டு எல்லோரும் சிரித்தபோது நானும் கொஞ்சம் சிரித்தேன். இதை எழுதாமல் விட்டிருக்கலாம். மனைவி பார்த்தால் விடமாட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேலே போயிருக்கும். ஒரு சனிக்கிழமை லாஞ்சியில் மாமனார் வந்து இறங்கினார். ஒரு கட்டுக் கருவாடும் ஒரு யோசனையும் கொண்டுவந்திருந்தார். சாப்பிட்டு முடித்துக் கதிரையில் சாய்ந்த பிறகு யோசனையைச் சொன்னார். ஊரில் எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள், ஆயர் ஆண்டகைக்கு ஒரு பெட்டிசம் போடுவது, இந்தச் சுவாமியை மாற்றிவிடச் சொல்லிக் கேட்பது. ஆண்டகைக்கு ஆங்கிலத்தில் போனால்தான் மரியாதை. ஊரில் ஆங்கிலம் தெரிந்த ஒரே மருமகன் நான். என் கையெழுத்தோ முத்து முத்தாக இருக்கும்.

நான் முதலில் மை முடிந்துவிட்டது என்றேன். பிறகு நல்ல கடதாசி இல்லை என்றேன். கடதாசி தானே கொண்டுவந்ததாக மடியிலிருந்து எடுத்தார். குசினியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்ததை அப்போது கவனித்தேன்.

அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதினால் சுவாமியைத் தூக்கி எங்கேயாவது போடுவார்கள். அவர் தன் பக்கத்து நியாயம் ஒன்றும் சொல்லமாட்டார், அது எனக்கு நிச்சயம். நான் எழுத மறுத்தால் வேறு யாரையாவது பிடிப்பார்கள். வாயில் வந்த எத்தனையோ பொய்களை யோசிக்காமல் சொன்ன எனக்கு, ஒரு உண்மையைச் சொல்ல அத்தனை நேரம் பிடித்தது. காக்கா, தொதல், இரண்டாம் துண்டின் மிச்சப் பாதி, மணலில் நடந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமனார் கேட்டு முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"நீங்கள் பகிடிக்காரன் எண்டு தெரியும், மருமகன். ஆனா ஒரு சுவாமிக்காகத் தன்னைக் கெடுத்துப் பொய் சொல்லுற அளவுக்கு நல்லவன் எண்டு இண்டைக்குத்தான் கண்டனான்."

சத்தியம் செய்தேன். இன்னும் மெச்சினார். சுவாமி சொன்னது சரி, நான் சொன்னால் ஆர் நம்பிறது? நான் உண்மை சொல்லச் சொல்ல, அவர் பார்வையில் நான் புனிதனாகிக்கொண்டு போனேன். இந்தப் பகிடியை நானே கட்டியிருந்தாலும் இவ்வளவு திறமாக வந்திராது.

அப்போது குசினி வாசலுக்கு அவள் வந்தாள்.

"அவர் சொல்லுறது மெய், அப்பா. தாலி கட்டக் குனியேக்கை மீசையிலை தொதல் மணத்தது."

எனக்குக் கதிரையில் இருப்புக் கொள்ளவில்லை. மாமனார் மகளைப் பார்த்துக் கேட்டார், தெரிந்தால் ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று.

"சுவாமியே சொல்லேல்லை. நான் ஏன் சொல்ல?"

சொல்லிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். இந்தாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒளிக்க ஏலாது என்று சொன்னவள் நான், நாப்பது நாள் ஒளிச்சுப் போட்டீங்கள், இனி அந்த மொட்டைக் கடிதத்தைத் திருப்பியொருக்கா வாசிக்கத்தான் வேணும் என்றாள். முகத்தைப் பார்த்தால் பகிடியா என்று தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் விளங்கியது, நான் கட்டிக்கொண்டது என்னைவிடப் பெரிய பகிடிக்காரியை என்று. வள்ளத்தில் நடந்தது என்னவென்று அவளுக்குத் தெரியாது. மணத்தை வைத்துப் பாதியையும், சுவாமி குடித்த விதத்தை வைத்து மிச்சத்தையும் அந்த வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

மாமனார் பெட்டிசக் கடதாசியை நாலாக மடித்துத் திரும்ப மடியில் வைத்தார். அன்று பின்னேரம் வரை எங்களோடு இருந்தார். ஒரே ஒருதரம், தனக்குத்தானே பேசுவது போல, நான் அந்த மனிசனுக்கு முகம் குடுத்துக் கதைக்கவே இல்லையே என்றார். எனக்கு ஒரு கவலை. ஊருக்கு அவர் என்ன சொல்வார்? உண்மையைச் சொன்னால் மகளுடைய புருஷன் கல்யாணத்தன்று நன்மைக்கு ஆகாமல் நின்றவன் என்று வரும், நம்பாதவர்கள் மொட்டைக் கடிதத்தை நம்புவார்கள். சொல்லாவிட்டால் பெட்டிசம் போகும். கேட்டேன். பார்ப்பம் என்றார். லாஞ்சி ஏறினார்.

அடுத்த மாதம் அக்கரையில் பூசை. நானும் அவளும் சுவாமியோடு போனோம். இந்தமுறை நான் முதல் நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். நல்ல காற்று, ஏழு மணிக்கே இறங்கிவிட்டோம். சனம் சுவாமிக்குத் தோத்திரம் சொன்னது, ஆனால் சொல்லிவிட்டு விலகி நின்றது. மூப்பர் வந்து பெட்டியை வாங்கினார். சுவாமி உள்ளே போய்ப் பூசை உடுப்புப் போடத் தொடங்கினார். முதல் மணி அடித்தது.

மூப்பர் கோயில் கிணற்றடிக்குப் போனார். எல்லோரும் வாசலில் நிற்கும் நேரம். வாளியை இறக்கி, தண்ணீர் அள்ளினார்; கால் கழுவப் போகிறார் என்று நினைத்தோம். அவர் வாளியைத் தூக்கி வாயில் வைத்தார். மடக்கு மடக்கென்று குடித்தார். நெஞ்சு நனைந்தது. அவருடைய தம்பி முறையான ஒருவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்தார். அண்ணை, பூசை நாள், மறந்துபோனியளோ என்றார்.

"மறக்கேல்லை. எனக்குத் தாகம்."

அதை அவர் வாசலைப் பார்த்துச் சொன்னார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. வாளியைக் கவிழ்த்து வைத்தார். சால்வையால் வாயைத் துடைத்துக்கொண்டு, சனத்தின் நடுவால் நடந்து வந்து, கோயிலில் தான் எப்போதும் முழந்தாளிடும் முன் இடத்தில் முழந்தாளிட்டார். ஒரு பூசையிலும் நன்மை வாங்காமல் விட்டதில்லை என்று பேர் எடுத்தவர். அன்று எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் பீடத்துக் கிராதிக்குப் போனபோது அவர் எழும்பவில்லை. மூப்பர்தான் முதலில் வருவார் என்பதால் கிராதியின் முதல் இடத்தை ஒருவரும் எடுக்கவில்லை, வெறுமையாகக் கிடந்தது. சுவாமி நற்கருணைப் பாத்திரத்தோடு அந்த வெற்றிடத்துக்கு முன்னால் வந்ததும் நின்றார். தலையைத் தூக்கிப் பார்த்தார். நனைந்த நெஞ்சோடு முழந்தாளில் இருந்த மனிதனைப் பார்த்தார். பிறகு அடுத்தவரிடம் வந்தார். அடுத்தவன் நான்.

பூசை முடிந்து நான் பெட்டியைக் கட்டும்போது சுவாமி கேட்டார், சொல்லிப்போட்டீரோ என்று. ஓம் சுவாமி என்றேன். அங்கியை மடித்துக் கொடுத்தார். நான் குடிச்ச ரெண்டு இளநியையும் வீணாக்கிப்போட்டீர் என்றார். கோபித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காலைச் சாப்பாடு மூப்பர் வீட்டில். பிட்டும், சூடை மீன் குழம்பும். மூப்பர் தானே நின்று சுவாமிக்குப் பரிமாறினார். மன்னிப்பு என்றோ நன்றி என்றோ ஒரு சொல் அங்கே வரவில்லை. சுவாமி, இந்த மாதம் சூடை எப்படி என்று கேட்டார். மூப்பர், வெருகல் பக்கமாக இறங்கினால் கிடைக்கிறது, இந்தக் கரையில் குறைவு என்றார். தன்னுடைய தீவில் சூடைக்கு எந்தக் கண் வலை போடுவார்கள் என்று சுவாமி சொன்னார். அது இந்தத் தண்ணீருக்குச் சரிவராது என்று மூப்பர் தர்க்கம் பண்ணினார். வாசலில் எட்டி நின்ற சனம் ஒவ்வொருவராகக் கிட்ட வந்து, வலையைப் பற்றித் தங்கள் பக்கத்தையும் சொல்லத் தொடங்கியது. பெட்டிசத்தை அதற்குப் பிறகு ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. மூப்பர் குடித்த பிறகு, சுவாமி குடித்தார் என்று யார் எழுதுவது? பட்டப்பெயர் மட்டும் போகவில்லை. ஆனால் அதைச் சொல்கிற குரல் மாறிவிட்டது. தாகச் சுவாமி எப்ப வாறார் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.

அவர் எங்களோடு இன்னும் நாலு வருடம் இருந்தார். பிறகு மாறிப்போனார். சில வருடத்தில் சட்டமும் மாறியது. தண்ணீர் எப்போதும் குடிக்கலாம், சாப்பாட்டை மூன்று மணித்தியாலம் நிறுத்தினால் போதும் என்று வந்தது. அதைக் கேட்ட அன்று எனக்கு அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கத் தோன்றியது. விசாரித்தேன். வடக்கில் ஒரு சிறிய பங்கில் இருந்தார். கடிதம் எழுத உட்கார்ந்தேன். முத்து முத்தான கையெழுத்தில் ஒரு பக்கத்துக்குப் பகிடி வந்தது. நன்றி என்ற சொல்லுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. அவள் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, பகிடியெல்லாவற்றையும் வெட்டி, அடியில் தன் கையால் ஒரு வரி எழுதினாள், பிள்ளைகள் மூவரும் சுகம், மூத்தவன் அடுத்த மாதம் முதல் நன்மை வாங்குகிறான் என்று. அதைத்தான் தபாலில் போட்டோம்.